ஆர்எக்ஸ் 100: ஹேண்டிலை ஒடிச்சா ஐடிலிங் ஏறுது, யாராவது சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டின 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். ஆக்சிலேட்டர் கேபிள் கிரிப் பக்கம் இழை இழையா பிரிஞ்சிருந்தது, நடுரோட்டுல அறுந்து நிக்கறதுக்குள்ள மாத்திட்டேன். நேரா போறப்ப வண்டி அருமை. ஆனா ஹேண்டிலை இடது பக்கம் முழுசா ஒடிச்சா ஐடிலிங் (ஆக்சிலேட்டர் முறுக்காதப்ப இன்ஜின் ஓடற வேகம்) தானா ஏறுது. யூ டர்ன் போடவே பயமா இருக்கு.

கிரிப்ல 3 மி.மீ. ப்ளே (கேபிள் இழுபடறதுக்கு முன்னாடி இருக்கற தளர்வு) விட்டிருக்கேன். டேங்கைக் கழட்டி கேபிள் போற வழியை மாத்திப் பார்த்ததுல கொஞ்சம் குறைஞ்சுது, முழுசா போகல. புது கேபிளோட வெளி உறை பழசை விட ஒரு விரற்கடை குட்டை. அதுதான் காரணமா?

அதைவிடப் பெரிய கவலை, டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் அனுப்பற ஆயில் பம்ப். கேபிள் ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு கார்புரேட்டருக்கும் இன்னொண்ணு பம்புக்கும் போகுதில்லையா, பம்ப் பக்கம் லூஸா இருந்தா ஆயில் பத்தாம பிஸ்டன் பிடிச்சுடும். ரொம்ப இறுக்கினா தெருவே புகை. பம்ப்ல கேபிள் இழுத்துத் திருப்பற சக்கரம், அதான் புல்லி, அதுல இருக்கற குறியை ஆணிக்கு நேரா கொண்டு வரணும், சரி. அது ஐடிலிங்லயா, முழுசா முறுக்கிப் பிடிச்சா?

எங்க ஊர் மெக்கானிக், "பம்பையே கழட்டிட்டு பெட்ரோல்ல ஆயிலைக் கலந்துக்கோ தம்பி"ங்கறார். மனசு வரல. இந்த வண்டியை வீட்லயே கழட்டி மாட்டறவங்க சொல்லுங்க, கேபிள் போற வழி தெரியற மாதிரி போட்டோ இருந்தா ரொம்ப நல்லது.