ஏற்காட்டுப் படங்களை வைத்துக் கொஞ்சம் சம்பாதிக்க முடியுமா? எந்த மாசம் எதை எடுக்கலாம்?

கன்னங்குறிச்சிப் பொண்ணு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கன்னங்குறிச்சியில் இருக்கிறேன், ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். படம் எடுப்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் 200டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு 50 எம்எம். லீவு கிடைத்தால் தம்பி பைக்கில் ஏற்காடு கிளம்பிவிடுவோம். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், படகுத்துறை, சேர்வராயன் கோவில் எல்லாம் எடுத்தாகிவிட்டது. இன்ஸ்டாவில் லைக் விழுகிறது, அதோடு சரி.

வருஷத்தில் எந்த மாசம் எதற்காக மலை ஏறலாம்? மே மாசக் கோடை விழாக் கூட்டத்தில் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இடமில்லை. அப்புறம், ஒரு நல்ல லென்ஸ் வாங்கும் அளவுக்காவது இதில் காசு வருமா? கல்யாண வேலை எனக்கு வேண்டாம். முகூர்த்த நாளெல்லாம் மண்டபத்தில் நிற்க மனசில்லை. மலையையும் ஊரையும் எடுக்கத்தான் பிடித்திருக்கிறது.

மஞ்சக்குட்டைக்காரன் எழுதியது:

வணக்கம்ங்க. நான் மேலேயே குடியிருப்பவன். எஸ்டேட்டுகளுக்கும் ஹோம்ஸ்டேகளுக்கும் படம் எடுத்துக் கொடுக்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வியூ பாயிண்ட் படத்தை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். வருகிற எல்லோர் போனிலும் அது இருக்கிறது. டூரிஸ்ட் மேலே வராத நாட்களில் இங்கே நடப்பதற்குத்தான் விலை. அந்த நாட்களைக் காபிச் செடிதான் முடிவு செய்கிறது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் இது. இப்போது பல எஸ்டேட்டுகள் தாங்களே வறுத்து, அரைத்து, பாக்கெட் போட்டு விற்கின்றன. அவர்களுக்குப் பூ, காய், பழம், பறிப்பு, காய வைக்கும் களம் என்று வருஷம் முழுவதற்குமான படம் தேவைப்படுகிறது. பெங்களூரிலிருந்து ஒரு நாள் வந்து போகிற போட்டோகிராபரால் இதைக் கொடுக்கவே முடியாது. உங்களுக்கு அடிவாரத்தில் வீடு. பூ விரிந்தது என்று போன் வந்தால் மறுநாள் விடிவதற்குள் மேலே வந்துவிடலாம். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய முதல் அதுதான், லென்ஸ்கூட அடுத்தபடி.

பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அது. மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ ஒரு நல்ல மழை விழ வேண்டும். அதுவரை மொட்டுகள் இலைக்காம்பின் இடுக்கில் பச்சையாக விரைத்துக்கொண்டு நிற்கும். மழை விழுந்து எட்டு, பத்து நாள் கழித்து ஒரு விடியலில் பார்த்தால் வாது முழுக்கக் கணுவுக்குக் கணு வெள்ளைக் கொத்து, கிட்டே போனால் மல்லிகை வாசம், செடிக்குச் செடி தேனீ. மூன்றாம் நாள் இதழ் பழுப்பேற ஆரம்பித்துவிடும். எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மழை மாறுவதால் நாகலூர்ப் பக்கம் பூத்திருக்கும்போது இங்கே மொட்டாகவே இருக்கும். தேதி பார்த்து வந்தால் கிடைக்காது, மழையைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

காலை எட்டு மணிக்குள் எடுத்து முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் சில்வர் ஓக் மர நிழலுக்கு நடுவே வெளிச்சம் திட்டுத்திட்டாக விழுந்து வெள்ளைப் பூ வெளிறிவிடும். மேகமூட்டம் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் 50 எம்எம் லென்ஸே போதும், மேக்ரோ, அதாவது ரொம்பக் கிட்டத்துப் படம், வேண்டுமென்றால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டுகிற சில நூறு ரூபாய் எக்ஸ்டென்ஷன் ட்யூப் போட்டுக்கொள்ளலாம்.

பறிப்பு கார்த்திகை தொடங்கித் தை வரை. அதே நாட்களில் பனிமூட்டமும் இருக்கும். மூட்டத்தில் கேமரா தானாகப் படத்தைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (+1) ஏற்றி வையுங்கள், படம் வெளிச்சமாக வரும். கிளியூர் அருவியில் தண்ணீர் வேண்டுமானால் ஐப்பசி அடைமழைக்குப் பிறகு வாருங்கள், கோடையில் வெறும் பாறைதான். மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவுப் பாதையில் மண் சரிந்தால் வண்டிகளைக் குப்பனூர் வழியாக விடுவார்கள். கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஆத்தூர் கேமரா எழுதியது:

நான் ஸ்டாக் தளங்களில், அதாவது காசு கட்டிப் படத்தை இறக்கிக்கொள்ளும் இணையதளங்களில், படம் போடுகிறவன். அடோபி ஸ்டாக்கில் போட்டோவுக்கு 33 சதவீதம் நமக்கு. ஷட்டர்ஸ்டாக்கில் 15 சதவீதத்தில் தொடங்கும். விற்க விற்க ஏறும், ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பம். ஒரு டவுன்லோடுக்குக் கைக்கு வருவது பல நேரம் சில்லறைதான். இதை மாசச் சம்பளமாக நினைக்காதீர்கள்.

எனக்கு விற்பது மலைக் காட்சி இல்லை. ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைக் களத்தில் ஈர மாவும் ஜவ்வரிசியும் காய்வது, குச்சிக்கிழங்கு லோடு இறக்குவது, பொங்கலுக்கு முன்னால் ஓமலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுவது, கொலுசுப் பட்டறையில் வெள்ளியைப் பற்ற வைத்து ஒட்டுவது. இதையெல்லாம் தேடுகிறவன் உலகத்தில் எங்கேயோ இருக்கிறான், போட்டிருப்பவர்கள் கொஞ்சம் பேர். முகம் அடையாளம் தெரிந்தால் அவரிடம் மாடல் ரிலீஸ் (படத்தைப் பயன்படுத்தச் சம்மதம்) கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் விளம்பரத்துக்கு உதவாத, செய்திக்கான எடிட்டோரியல் பிரிவில்தான் போக முடியும். கைகளை மட்டும் நெருக்கமாக எடுத்தால் இந்தச் சிக்கலே வராது, படமும் நன்றாக இருக்கும். கணக்கு தொடங்கும்போதே டபிள்யூ-8பென் என்கிற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் அமெரிக்க வரிப் பிடித்தம் கூடும்.

செவ்வாப்பேட்டை ஸ்டுடியோ எழுதியது:

பிரிண்ட்டை மறந்துவிட்டீர்களே. புதிதாகத் திறக்கிற கிளினிக், வக்கீல் ஆபீஸ், ஓட்டல் எல்லாவற்றிலும் சுவர் காலியாகத்தான் இருக்கிறது. 12×18 போட்டால் உங்கள் கேமராப் படம் ஓரம் வெட்டாமல் அப்படியே பொருந்தும். டியூப்லைட் எரிகிற இடத்துக்கு மேட் பேப்பர் கேளுங்கள், பளபளப்புக் காகிதத்தில் விளக்கு மட்டும்தான் தெரியும்.

காலண்டர் ஆசை இருந்தால் ஒன்று சொல்கிறேன். சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்றே வெளியாகிவிடும். மார்கழியில் படத்தைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே ஆடியில் நம் சேலத்தில், குகை மாரியம்மன் கோவில் விழாவில், சாமி வேஷத்தோடு வண்டிகள் ஊர்வலம் போகிற வண்டி வேடிக்கை இருக்கிறது. சாமி வேஷம் கட்டியவர்கள் வண்டி ஏறுவதற்கு முன்னால், அரிதாரம் பூசிக்கொள்ளும் இடத்துக்குப் போங்கள். கேட்டு எடுத்து, ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த வருஷம் அவர்களே கூப்பிடுவார்கள்.

கன்னங்குறிச்சிப் பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மஞ்சக்குட்டை அண்ணா, எஸ்டேட்டுக்குள் போக யாரிடம் எப்படிக் கேட்பது? கேட்டில் 'அனுமதி இல்லை' என்று போர்டு தொங்குகிறதே. காசு எவ்வளவு கேட்பது என்பதும் எனக்குப் புரியவில்லை.

மஞ்சக்குட்டைக்காரன் எழுதியது:

கேட்டில் நின்று வாட்ச்மேனிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், அவர் வேலை அது. எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிற ரைட்டர் இருப்பார், வேலை நாளில் போய் அவரைப் பாருங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் எடுத்த படங்களில் நல்லதாகப் பத்துப் பதினைந்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துச் செல்லுங்கள், போனில் தள்ளித் தள்ளிக் காட்டாதீர்கள். முதல் தடவை காசு பேச வேண்டாம். பூ எடுக்க மட்டும் அனுமதி கேளுங்கள், எடுத்ததில் இரண்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பறிப்புக்கு அவர்களே சொல்லி அனுப்புவார்கள்.

பறிக்கும் பெண்களை எடுக்கும்போது முதலில் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, அப்புறம் அவர்களிடமே கேளுங்கள். பழத்தை எடை போட்டுத்தான் கூலி என்கிற இடத்தில் நாம் நிறுத்தி போஸ் கொடுக்கச் சொன்னால் அவர்கள் காசு போகும். கைகள் வேலை செய்துகொண்டே இருக்கட்டும், நாம்தான் சுற்றி நகர வேண்டும். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. காட்டெருமை நின்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள், படம் அப்புறம்.

விலைக்கு ஹோம்ஸ்டேக்காரர்களிடம் நான் வைக்கிற அளவு, அவர்களுடைய சனி, ஞாயிறு இரண்டு நாள் அறை வாடகை. என் படம் பார்த்து ஒரே ஒரு குடும்பம் கூடுதலாக வந்தாலே அவர்களுக்கு அது வசூலாகிவிடும் என்பதால் பேரம் நீளாது. எஸ்டேட்டுக்கு எல்லாப் பருவத்துக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி, பருவத்துக்குப் பருவம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். நம் நாட்டுக் காப்பிரைட் (பதிப்புரிமை) சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவர்தான் உரிமைக்காரர். அதே படத்தை ஆத்தூர்க்காரர் சொன்ன ஸ்டாக் தளத்தில் போடவும், சுவருக்குப் பிரிண்ட் விற்கவும் உங்களுக்கு உரிமை வேண்டும் என்றால் வேலைக்கு முன்பே அதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தமிழில் நான்கு வரி போதும். நான் பயன்படுத்துகிற தாளை உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன், பெயரையும் தேதியையும் மாற்றிக்கொள்ளுங்கள்.