ஏற்காடு மலைப்பாதைக்கு மாரிஸ் மைனரா, கிரெட்டாவா?

கேள்வி – அஸ்தம்பட்டிவாசி:
என் தந்தையார் பேணி வைத்திருந்த, துணிக்கூரை மடங்கும் 1957ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் கார் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. 948 சிசி எஞ்சின் நன்றாக ஓடுகிறது, ஆர்.சி.யும் காலாவதியாகவில்லை. வாரந்தோறும் ஏற்காட்டிலுள்ள காப்பித் தோட்டத்துக்குச் சென்று வர வேண்டியிருப்பதால், இதை விற்றுவிட்டு ஹூண்டாய் கிரெட்டா வாங்கும்படி வீட்டார் வற்புறுத்துகின்றனர். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மைனர் வாரந்தோறும் தாங்குமா என்பதை, இரு வகை வண்டிகளையும் ஓட்டிய அன்பர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1 – சில்வர் ஓக்:
ஐயா, ஏறுவதைப் பற்றி அஞ்ச வேண்டாம். கவலையெல்லாம் இறங்குவதில்தான் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின், உயரத்தில் காற்று மெலிவதால் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு திறனை இழக்கும் என்பதால், மைனரின் 37 குதிரைத்திறன் மேலே போகப் போக இன்னும் சுருங்கும். ஆனாலும் வண்டி இலகுவானது, இரண்டாம் கியரில் பொறுமையாக ஏறிவிடும். கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோமெஷ் முதல் கியரில் கிடையாது. வளைவின் நடுவே பேருந்து எதிர்ப்பட்டு வேகம் செத்துவிட்டால், முழுவதும் நிறுத்தியோ நடுவே நியூட்ரலில் விட்டு இருமுறை கிளட்ச் மிதித்தோதான் அந்தக் கியரைப் போட முடியும். அவசரப்பட்டால் பற்கள் கரகரவென்று அரைபடும்.

இறங்கும்போது கதை வேறு. நான்கு சக்கரங்களிலும், சுழலும் உருளைக்குள் ஷூக்கள் அழுத்திப் பிடிக்கும் டிரம் பிரேக்குகள். தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும், மிதி கட்டையைப் போல் இறுகி நிற்குமே தவிர வண்டி நிற்காது. பிரேக் எண்ணெய்க்கும் ஒரே சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தாலும் மிஞ்சுவது கை பிரேக் மட்டுமே. கிரெட்டாவில் பிரேக் மிதிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்சி, மேட்டில் பின்னோக்கி உருளாமல் பிடிக்கும் வசதி, ஆறு காற்றுப்பைகள் எல்லாம் உண்டு. மைனருக்கு அது பிறந்த காலத்தில் இருக்கைப் பட்டையே இல்லை.

பதில் 2 – கொண்டலாம்பட்டியான்:
முந்தைய நண்பர் சற்றுக் கூடுதலாகவே பயமுறுத்திவிட்டார். ஏறிய கியரிலேயே இறங்கினால் பிரேக்குக்குப் பாதி வேலைதான். மேலும் மைனரின் அகலம் 1.55 மீட்டர், கிரெட்டாவினுடையது 1.79 மீட்டர், எதிரே லாரி வரும் வளைவில் அந்த ஒரு சாண் வித்தியாசம் பெரிய நிம்மதி. மைனரை வடிவமைத்த இசிகோனிஸ் 1948இலேயே அதற்குப் பற்சக்கரமும் பல்தண்டும் நேரடியாக இணையும் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் வைத்தார்; பவர் உதவி இல்லாமலே சொன்ன இடத்துக்குத் திரும்பும்.

என் தயக்கம் வேறு இரண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கிவிடுவதால், எரிபொருள் குழாய்களை உடனே மாற்றுங்கள். அடுத்து, ஆர்.சி.யைத் தவறாமல் புதுப்பியுங்கள். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிந்துகொண்டால், கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தோட்டத்துக்குப் போய்வர அந்தப் பதிவு உதவாது.

அஸ்தம்பட்டிவாசி:
இருவருக்கும் நன்றி. மழைக்காலத்திலும் மூடுபனியிலும் வாரந்தோறும் இறங்க வேண்டியவன் என்பதால் கிரெட்டாவையே வாங்குகிறேன், மைனரை விற்கப்போவதில்லை. சேலத்தில் டிரம் பிரேக் ஷூக்களுக்கு நம்பிக்கையாக லைனிங் (உராய்வுப் பட்டை) ஒட்டித் தரும் பட்டறை எந்தப் பக்கம் இருக்கிறது?