பெசன்ட் நகர் மாடி ரூம்ல எச்ஓ மாடல் ரயில் லேஅவுட், எஞ்சின் அங்கங்க நின்னுடுது

கேள்வி: வணக்கம். 6க்கு 4 அடி ப்ளைவுட்ல எச்ஓ ஸ்கேல்ல (மாடல் ரயில்ல ஒரு சைஸ்) ஓவலா ஒரு தண்டவாளம், வண்டி ஒதுங்கி நிக்க ஒரு சைடிங், எழும்பூர் மாதிரி செவப்பா ஒரு ஸ்டேஷன் செஞ்சு வெச்சிருக்கேன். மழை முடிஞ்சதுலேர்ந்து எஞ்சின் திக்கித் திக்கி ஓடுது, சுவத்தோரம் திரும்புற எடத்துல நின்னே போயிடுது, வெரலால தள்ளினா மறுபடி கெளம்புது. உப்புத்தாள் போட்டு தேய்க்கலாமா?

பதில் 1: ஐயோ, உப்புத்தாள் மட்டும் வேணாங்க! தண்டவாளத்துல கீறல் விழுந்தா அதுலயே அழுக்கு போய் ஒக்காந்துக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை வெள்ளத் துணியில நனைச்சு தொடைங்க, எஞ்சின் சக்கரத்தையும் சேத்து. பெட்டிக்கு பிளாஸ்டிக் சக்கரம்னா மெட்டலா மாத்திடுங்க, பிளாஸ்டிக்தான் அழுக்கை ஊரெல்லாம் இழுத்துட்டுப் போகும்.

பதில் 2: ஒரே எடத்துல நிக்குதுன்னா அழுக்கு மட்டும் இல்ல சார், தண்டவாளத் துண்டுங்களைச் சேக்குற ஜாயினர் லூஸாகி கரண்ட் சரியா போகல. மல்டிமீட்டர்ல வோல்ட் பாருங்க, தண்டவாளத்துக்கு கரண்ட் குடுக்குற பவர் பேக் கிட்ட 12 காட்டி அங்க கம்மியா காட்டுச்சுன்னா அதான். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒயர் வாங்கி தண்டவாளத்தோட வெளிப்பக்கமா சால்டர் பண்ணி, பலகைக்கு அடியில பவர் பேக்லேர்ந்து வர்ற மெயின் ஒயரோட சேத்துடுங்க. ஆனா எல்லா ஜாயினரையும் சால்டர் பண்ணிடாதீங்க, நம்ம ஊர் வெயிலுக்கு விரிய எடம் வேணும். ப்ளைவுட்டுக்கு அடிப்பக்கமும் பெயின்ட் அடிங்க, ஈரத்துல அதுதான் ஊதும்.

கேட்டவர்: தொடைச்சதும் துணி கண்மை அப்பின மாதிரி ஆயிடுச்சுங்க! ஓட்டம் நல்லாயிருக்கு, ஆனா சுவத்தோரம் 7 வோல்ட்தான் வருது. ஞாயித்துக்கெழமை சால்டர் பண்றேன், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.