புதுப்பிப்பு: பக்கல்யாவ் இந்த முறை கரிக்கவில்லை

போர்ச்சுகலின் போர்ட்டோ நகருக்குக் குடிவந்து முதன்முதலாகச் சமைத்த பக்கல்யாவ், அதாவது உப்பிட்டு உலர்த்திய காட் மீன், வாயில் வைக்க முடியாமல் கரித்தது என்று போன மாதம் எழுதியிருந்தேன். கருவாடு மாதிரி அலசினால் போதாது, ஊறவைக்க வேண்டும் என்று பலர் சொன்னீர்கள். அதுதான் சரி.

தடிமனான துண்டை 48 மணி நேரம் ஃப்ரிட்ஜிலேயே தண்ணீரில் ஊறவிட்டேன், தோல் மேல்பக்கமாக. தண்ணீரை ஆறு தடவை மாற்றினேன். ஓர் இணுக்கு கிள்ளி வாயில் போட்டால் உப்பு அளவாக இருந்தது. அப்புறம் ஆலிவ் எண்ணெயில் வெங்காயமும் பூண்டும் வதக்கி, மீனை உதிர்த்துப் போட்டு, தீக்குச்சி போல நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு, கடைசியில் முட்டை. முட்டை இறுகும் முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள். அந்தக் குழைவுதான் ‘அ ப்ராஷ்’ என்கிற இந்தச் சமையல் முறையின் பக்குவம். மேலே கறுப்பு ஆலிவ்.

சனிக்கிழமை ரயிலேறி அவெய்ரு போய் உப்பளங்களைப் பார்த்தேன். பக்கத்தில் ஈல்யாவு கடல்சார் அருங்காட்சியகத்தில் உயிருள்ள காட் மீன்கள் தொட்டியில் நீந்துகின்றன. தாடைக்குக் கீழே ஒற்றை மீசை! போர்ச்சுகல் கரையில் கிடைக்காத மீன் இது. நார்வே, ஐஸ்லாந்து பக்கமிருந்து வருகிறது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

அடுத்து கொண்டைக்கடலை சேர்த்துச் செய்யப் போகிறேன்.