லெகோ லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: ரிமோட் ப்ளேயில் இரண்டாவது கன்ட்ரோலர் சேரவில்லை, யாராவது உதவுங்களேன்

2012இல் வந்த கேம் இது. ஆன்லைன் கோ-ஆப் (இணையம் வழியே சேர்ந்து ஆடும் வசதி) கிடையாது. ஒரே கணினியில், ஒரே திரையில், இருவர் மட்டும். அதனால் வேறு ஊரில் இருப்பவரை ஸ்டீம் கேம் தளத்தின் ரிமோட் ப்ளே டுகெதர் (நம் திரையைத் தொலைவில் இருப்பவரோடு பகிர்ந்து ஆடும் வசதி) வழியாகச் சேர்த்து ஆடுகிறோம். கேம் ஒருவரிடம் இருந்தால் போதும். எதிர்முனைக்குப் போவது வெறும் வீடியோ.

சிக்கல்: விருந்தாளி (வேறு ஊரில் இருப்பவர்) ஸ்டார்ட் அழுத்தினால் இரண்டாம் ஆளாகச் சேராமல், முதல் ஆளின் பாத்திரமான ஃப்ரோடோவே நகர்கிறார். இரண்டாம் ஆளுக்கான பாத்திரமான சாம் கணினியின் பிடியில் பின்னாலேயே வருகிறார். விளக்குப் பிடிக்க ஃப்ரோடோ, தீ மூட்ட சாம் என்று வேலை பிரிந்திருப்பதால் ஆளை மாற்றி மாற்றியே நேரம் போகிறது. ஷிஃப்ட்+டேப் அழுத்தி, ரிமோட் ப்ளே பகுதியில் கன்ட்ரோலர் வரிசையை மாற்றினால் சரியாகிறது. கேமை மூடித் திறந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

ஹோஸ்ட் (கேம் வைத்திருப்பவர்) கீபோர்டில் ஆடுவதால் விருந்தாளியின் கன்ட்ரோலர் முதல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதோ என்று சந்தேகம். ஹோஸ்டும் கன்ட்ரோலர் செருகி, கேம் திறந்த பிறகே அழைப்பு அனுப்பினால் வரிசை நிலைக்குமா? ஸ்டீம் இன்புட்டை (கன்ட்ரோலர்களைக் கையாளும் ஸ்டீம் வசதி) அணைக்கலாமா, அணைத்தால் விருந்தாளியுடையது வேலை செய்யுமா?

இன்னொன்று: இருவரும் விலகிப்போனால் திரை இரண்டாகப் பிரிந்து, நடுக்கோடு சுழல்கிறது. அந்த நொடியில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. படத் தரத்தை 720பி-க்கு இறக்கியும் முழுதாகப் போகவில்லை. இரண்டு பக்கமும் வைஃபைதான். ஹோஸ்ட் பக்கம் மட்டும் கேபிள் போட்டால் போதுமா?