பிரதேச சபைத் தேர்தலுக்கு எங்கட ஊர் ஆக்களை எப்பிடி வாக்காளர் இடாப்பில சேர்க்கிறது?

கேள்வி: நிலையச் செயலாளர், கோப்பாய்

வணக்கம். கோப்பாய்ப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில செயலாளரா இருக்கிறன். 2025 மே 6 அன்று எங்கட வட்டாரத்தில தெரிஞ்ச முகங்கள் பல வாக்களிப்பு நிலையம் வரைக்கும் வந்து திரும்பிப் போச்சினம். அடையாள அட்டை கையில இருக்கு, இடாப்பில பேர் இல்லை. ஒரு தம்பி கலியாணம் முடிச்சு மனுசி வீட்டோட வந்து இருக்கிறார். பேர் இன்னும் கொடிகாமத்தில தாயின்ரை வீட்டு இலக்கத்தில கிடக்கு. பக்கத்து ஒழுங்கையில வாடகைக்கு இருக்கிற குடும்பத்துக்கு எங்கையுமே பதிவு இல்லை. பேர் இருக்கிறவையிலும் கொஞ்சப்பேர் "போட்டு என்னத்தைக் கண்டம்" எண்டு வீட்டிலயே இருந்திட்டினம்.

அந்த ஒழுங்கை மதகு அடைபட்டு, மாரி தொடங்கினா முற்றம் வரைக்கும் தண்ணி. 2023 மார்ச்சில சபையின்ரை காலம் முடிஞ்ச பிறகு ரெண்டு வருசத்துக்கு மேல, போய்க் கேக்க எங்களுக்கெண்டு ஒரு உறுப்பினர் இருக்கேல்லை. அது எனக்கு இன்னும் ஆறேல்லை. நோட்டீஸ் ஒட்டுறதை விட வேற என்ன செய்யலாம்?

பதில்: ஓய்வுபெற்ற விதானை, நல்லூர்

பிள்ளை, தேர்தல் அறிவிச்ச பிறகு ஓடித்திரிஞ்சு பிரயோசனமில்லை. நீங்கள் சொல்லுற மே 6 தேர்தலுக்குப் பாவிச்சது 2024 இடாப்பு. ஜீ.எஸ்., அதாவது விதானை எண்டுற கிராம சேவையாளர், வருசா வருசம் திருத்துற அந்த நேரந்தான் உங்கட நேரம். தேர்தல் இல்லாத வருசத்தில ஒருத்தரும் திரும்பிப் பாக்கினமில்லை, அங்கதான் பேர் தவறுது.

நிலையத்துக்குப் பின்னேரம் பேப்பர் வாசிக்க வாற ஆக்களில இருந்து தொடங்குங்கோ. தேர்தல் ஆணைக்குழுவின்ரை இணையத்தளத்தில மாவட்டத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டா, பேர் எங்க பதிஞ்சிருக்கு எண்டு காட்டும். ஒரு பெடியனை போனோட மேசையில இருத்திவிட்டால் காணும். பேர் இல்லாதவையின்ரை விபரத்தை வீட்டு இலக்கத்தோட எழுதி, அவையையே ஜீ.எஸ்ஸிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ. நீக்கிற பேர், சேர்க்கிற பேர் ரெண்டு பட்டியலும் மக்கள் பார்வைக்கு வைக்கிறவை. அதைப் போய்ப் பாக்கிறது உங்கட வேலை.

சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில தேர்தலைப் பற்றியே கதைக்கத் தேவையில்லை. முதலாம் தரத்துக்குப் பள்ளிக்கூடம் கேக்கேக்க, தாய் தகப்பன் அந்த முகவரியில தொடர்ந்து வாக்காளரா இருக்கினமோ எண்டு பாத்துத்தான் புள்ளி போடுவினம். இதைச் சொன்னால் அடுத்த நாளே வருவினம். உங்கட கொடிகாமத்து மருமகனுக்கும் இதைச் சொல்லிப் பாருங்கோ.

இன்னொண்டு. கனடா, லண்டன் போனவையின்ரை பேரை எடுத்தால் காணி பறிபோகும் எண்டு சில வீடுகளில பயம். இடாப்புக்கும் காணி உறுதிப் பத்திரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அதைப் பக்குவமா விளங்கப்படுத்தோணும். ஆனால் இஞ்ச இருக்கிற ஆக்களின்ரை பேர் விடுபடுறதுதான் எனக்கு நெஞ்சை அடைக்கிற விசயம். யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 பாராளுமன்ற ஆசனம். 2015 இல் 7. 2024 இல் 6. ஆசனம் பங்கிடுறது இடாப்பில இருக்கிற தொகையை வைச்சுத்தான். சனம் வெளிக்கிட்டுப் போனதை எங்களால நிப்பாட்ட ஏலாது, இருக்கிறவையை எழுதுவிக்க ஏலும்.

பதில்: மயிலிட்டிக்காரி

ஐயா சொன்னதோட இதையும் சேர்க்கிறன். நாங்கள் 1990 இல் வெளிக்கிட்டு, 2017 இல் ஆமி காணியை விட்ட பிறகுதான் ஊருக்குத் திரும்பினம். இடம்பெயர்ந்த ஆக்கள் சொந்த ஊரிலயே பதிய 2013 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அது தெரியாமல் இருந்த குடும்பங்கள் எத்தினை! இப்ப ஊரில வீடு கட்டி, கிணறு இறைச்சு, கோயிலுக்குத் தேர் இழுக்கிறம், வாக்கு மட்டும் சுன்னாகத்தில இருக்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம். வலிகாமம் வடக்குப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அவையிட்டயும் விசாரியுங்கோ.

பதில்: கம்பஸ் தம்பி, திருநெல்வேலி

அக்கா, "போட்டு என்னத்தைக் கண்டம்" எண்டுறவைக்கு ஜனநாயகக் கடமை எண்டு சொல்லாதேங்கோ, மதகைக் காட்டுங்கோ. 2018 இல இருந்து உறுப்பினரில 60 வீதம் வட்டாரத்தில இருந்துதான் வருகினம். நிக்கிறவர் எங்கட ஒழுங்கையாலதான் சந்தைக்குப் போறவர், மறிச்சு நிண்டு கேக்கலாம். தெரு லைற், குப்பை, சந்தை, கட்டிட அனுமதி எல்லாம் சபையின்ரை கையில. விருப்பு வாக்குச் சிக்கலும் இல்லை, சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி, அவ்வளவுதான்.

என்ர வயசுப் பெடி பெட்டையளுக்கு மேடைப் பேச்சு ஏறாது. பதினெட்டு ஆனவையை அவையின்ரை சிநேகிதர் கேக்க வேணும். விளையாட்டுக் கழகத்துக்குப் போங்கோ.

நிலையச் செயலாளர்

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டத்தில மேசைக்கு ஆளை நியமிக்கிறம், பள்ளிக்கூட விசயத்தை முதல்ல சொல்லப்போறன். விதானை ஐயா, அடையாள அட்டை துலைச்ச ஒரு வயசான அம்மா இருக்கிறா. பேர் இடாப்பில இருக்கு. அவவுக்கு என்ன வழி?

ஓய்வுபெற்ற விதானை

வாக்காளர் அட்டை மட்டும் கொண்டுபோனால் விடமாட்டினம். செல்லுபடியான கடவுச்சீட்டு, ஓய்வூதிய அட்டை, முதியோர் அடையாள அட்டை இதில ஏதும் இருந்தால் காணும். ஒண்டும் இல்லாட்டி தேர்தல் நேரம் ஜீ.எஸ். ஊடா, படம் குடுத்து தற்காலிக அட்டை எடுக்கலாம். ஆனால் அதுக்குக் காத்திருக்க வேண்டாம், புது அடையாள அட்டைக்கு இப்பவே விண்ணப்பியுங்கோ. அம்மாவுக்கு நடக்க ஏலாட்டி ஜீ.எஸ்ஸை வீட்டை வரச்சொல்லிக் கேளுங்கோ.