வேலையிடத்தில் மூச்சடைத்து விழுந்தேன். "வீட்டுச் சாப்பாட்டால் வந்தது" என்று எழுதித் தரச் சொல்கிறார்கள்

புதிதாய் வந்தவள்
அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். செவ்வாய் இரவு வேலையில் நின்றபோது கைகளிலும் கழுத்திலும் தடிப்புகள் எழும்பி, உதடு வீங்கி, தொண்டை அடைத்து விழுந்துவிட்டேன். அம்புலன்ஸில் வந்தவர்கள் தொடையில் ஊசி போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள். காலை வரை வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். இன்று மேற்பார்வையாளர் அழைத்து, வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டால் வெள்ளிக்கிழமை முதல் வேலைக்கு வரலாம் என்கிறார். அன்று நான் கொண்டுபோனது சோறும் பருப்பும்தான். கையெழுத்துப் போடவா, வேண்டாமா? வாடகைக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது.

ஈஸ்ட்ஹாம் அண்ணன்
கையெழுத்துப் போடாதீர்கள், தங்கச்சி. ஒரு வழக்கறிஞரைப் பிடித்து முதலாளி மீது நட்டஈட்டு வழக்குப் போடுங்கள். இங்கே லண்டனில் அதற்கு மூன்று ஆண்டு காலம் இருக்கிறது, வென்றால் மட்டும் பணம் வாங்கும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். நான் வந்த புதிதில் ஒரு கோழிப் பண்ணையில் ஏழு மாதம் நின்றேன். தும்மித் தும்மி மூக்கால் இரத்தம் வந்த நாள்களில்கூட ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. அன்றைக்கு எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் என் கதை வேறாகியிருக்கும்.

பழைய தொழிலாளி
வழக்கு, கிழக்கு என்று பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். வந்து சில மாதங்களிலேயே பெயரைக் கெடுத்துக்கொண்டால் அடுத்த வேலை யார் தருவார்கள்? நான் முழங்கால் வீங்கியபடியே நான்கு மாதம் பெட்டி தூக்கினேன். வாய் திறக்கவில்லை, வேலை நிரந்தரமானது.

மார்க்கம் வாசி
அந்த முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது, அண்ணா? நாம் வாய் மூடி நின்றதால்தான் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் இன்றைக்கும் இப்படித் தாள் நீட்டுகிறார்கள். எனக்கு இரண்டு கிழமைச் சம்பளம் தராமலே தொலைபேசி இலக்கத்தை மாற்றிக்கொண்ட ஏஜென்சியும் உண்டு.

பழைய தொழிலாளி
சம்பளக் கதை தொடங்கினால் இந்த இழை விடியும்வரை முடியாது. எனக்கும் ஒரு குளிர்காலப் பாக்கி இருக்கிறது.

தாதி அக்கா
இரண்டு அண்ணன்மாரும் சற்றுப் பொறுங்கள். தங்கச்சி, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்றே சொல்லவில்லை. அதைவிட முக்கியமாக, இந்தக் கடும் ஒவ்வாமை எதனால் வந்தது என்று தெரியாமல் வெள்ளிக்கிழமை அதே இடத்தில் போய் நிற்கக் கூடாது. அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். தானே குத்திக்கொள்ளும் எபிநெஃப்ரின் ஊசியை வைத்தியசாலையில் எழுதித் தந்தார்களா? தந்திருந்தால் எப்போதும் கையோடு வைத்திருங்கள். மூச்சு அடைத்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே குத்திவிட்டு அம்புலன்ஸை அழைக்க வேண்டும். அரிப்புக்குப் போடும் மாத்திரை அதற்கு ஈடாகாது. ஒருமுறை அடங்கியபின் சில மணிநேரம் கழித்து மறுபடி வருவதும் உண்டு, அதனால்தான் உங்களைக் காலை வரை வைத்திருந்தார்கள். அன்று புதிதாக எதையாவது தொட்டீர்களா? கையுறை என்ன நிறம்?

புதிதாய் வந்தவள்
மன்னிக்க வேண்டும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் இருக்கிறேன். மாணவர் அனுமதியில் வந்து ஐந்து மாதம். ஏஜென்சி மூலம் உணவு பொதி செய்யும் தொழிற்சாலைக்குப் போகிறேன். வழக்கமாக நீலக் கையுறை. அது முடிந்துவிட்டது என்று அன்று வெளிர்மஞ்சள் நிறத்தில், உள்ளே மாவு தூவியதைக் கொடுத்தார்கள். ஊசி எழுதித் தந்தார்கள், இன்னும் வாங்கவில்லை.

தாதி அக்கா
ஊசியை இன்றைக்கே வாங்குங்கள். நீலம் பெரும்பாலும் நைட்ரைல் என்ற செயற்கை இறப்பர். நீங்கள் சொல்லும் மற்றது இயற்கை இறப்பராக இருக்கலாம். அந்த மாவு இறப்பரின் புரதத்தைக் காற்றிலும் பரப்பும். ஆகவே நீங்கள் கழற்றினாலும் பக்கத்தில் நிற்பவர் அணிந்திருந்தால் போதும். ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வைத்தியசாலைப் பதிவின் நகலையும் எடுங்கள். அன்று கடும் ஒவ்வாமையைக் காட்டும் டிரிப்டேஸ் இரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அது நல்ல சான்று. இன்னொன்று: இறப்பர் ஒத்துக்கொள்ளாத சிலருக்குச் சில பழங்களும் ஒத்துக்கொள்ளாது. வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம், கிவி சாப்பிட்டால் வாய் அரிக்குமா?

மார்க்கம் வாசி
ஒன்ராறியோ என்றால் ஈஸ்ட்ஹாம் அண்ணன் சொன்ன வழக்கு இங்கே பொருந்தாது. உணவுத் தொழிற்சாலையும் ஏஜென்சியும் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற ஒன்ராறியோ வேலையிடக் காப்புறுதிச் சபையின் காப்புறுதிக்குள் வருபவை, அதற்குள் வரும் தொழிலாளி அவர்கள் மீது வழக்குப் போட முடியாது, மாறாக யார் பிழை என்று பார்க்காமலே நட்டஈடு கிடைக்கும். மாணவர் அனுமதி அதற்குத் தடையல்ல. உங்களுக்குச் சட்டப்படி முதலாளி ஏஜென்சிதான்; வேலையில் நடந்தது தெரிந்து மூன்று வேலை நாள்களுக்குள் ஏஜென்சி அந்தச் சபைக்கு முதலாளியின் அறிக்கையான படிவம் 7 ஐ அனுப்பி, நகலை உங்களுக்குத் தர வேண்டும். அவர்கள் அனுப்பாவிட்டாலும் நீங்கள் தொழிலாளியின் அறிக்கையான படிவம் 6 ஐ இணையத்திலேயே அனுப்பலாம். ஆறு மாத அவகாசம் இருந்தாலும் இன்றே அனுப்புங்கள். வேலையில் நடந்தது என்று வைத்தியரிடம் சொல்லிப் படிவம் 8 நிரப்பச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வாடகைக் கவலைக்கு: விழுந்த நாளுக்கு முழுச் சம்பளம் முதலாளி தர வேண்டும், மறுநாளிலிருந்து வேலை செய்ய முடியாத காலத்துக்குக் கையில் வரும் வருமானத்தில் 85 சதவீதம் டபிள்யூ.எஸ்.ஐ.பி. தரும். எட்டு நாளில் கைக்கு வந்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் இப்போதே பேசுங்கள். கோரிக்கை கொடுக்க விடாமல் மிரட்டுவது இங்கே சட்டவிரோதம், ஆகவே மேற்பார்வையாளர் சொன்னதை நாள், நேரத்தோடு எழுதி வையுங்கள். தொழிற்சங்கம் இல்லாதவர்களுக்குத் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவுகிறது.

பழைய தொழிலாளி
உடம்பிலேயே இருந்த ஒவ்வாமை, வேலையால் வந்ததல்ல என்று சொல்லித் தட்டிவிடுவார்கள், பாருங்கள்.

மார்க்கம் வாசி
சொல்லிப் பார்ப்பார்கள். ஆனால் உடம்பில் முன்பே இருந்தது என்பதற்காக மட்டும் கோரிக்கை விழாது. அன்றைய பாதிப்புக்கு வேலை குறிப்பிடத்தக்க காரணமா என்பதுதான் கேள்வி. அதனால்தான் கையுறைப் பெட்டியின் படம் வேண்டும். மறுத்தால் எதிர்ப்புத் தெரிவிக்கவும் வழி உண்டு. கடிதத்தில் உள்ள கடைசித் திகதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

புதிதாய் வந்தவள்
ஊசி வாங்கிவிட்டேன், படிவம் 6 உம் போய்விட்டது. உடன் வேலை செய்யும் அக்கா பெட்டியைப் படமெடுத்து அனுப்பினார்; இறப்பர் என்றுதான் அச்சடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை வரவில்லை, எதிலும் கையெழுத்திட மாட்டேன் என்று ஏஜென்சிக்கு எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. தாதி அக்கா, வாழைப்பழம் சின்ன வயதிலிருந்தே வாய் அரிக்கும். சாப்பிடாமல் தப்பக் கள்ளம் சொல்கிறேன் என்று அம்மா நினைத்திருந்தார்.

தாதி அக்கா
நிபுணரிடம் போகும்போது முதலில் அதைச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் சொல்லுங்கள்.